மடிக்கணினியில் குரல் பதியும்போது எழும் இரைச்சல்: காரணம் கண்டு களைவதற்கான முழுமையான வழிகாட்டி

கடலூரிலும் புதுச்சேரியிலும் மடிக்கணினியைக் கொண்டு குரல் பதிபவர்கள் பலவகைப்பட்டவர்கள். பாடங்களைப் பதிந்து மாணவர்களுக்கு அனுப்பும் ஆசிரியர்கள், கதை வாசிப்பவர்கள், பதிகங்களைப் பதிந்து வைக்க விரும்பும் ஓதுவார்கள், வீட்டிலிருந்தே யூடியூப் காணொளி செய்பவர்கள் என்று எல்லாத் தரப்பினரும் உண்டு. பதிவில் இரைச்சல் கேட்டவுடன் இவர்களில் பெரும்பாலோர் எழுப்பும் முதல் கேள்வி, "எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான். என் கருத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. இரைச்சல் காற்று வழியாக வரலாம், மின்சாரம் வழியாக வரலாம், ஒலி அளவைத் தவறாக அமைத்ததால் வரலாம், மென்பொருளின் தடுமாற்றத்தாலும் வரலாம். எந்த வழியில் நுழைகிறது என்று தெரிந்துகொள்ளாமல் புதிய மைக் வாங்கினால், பழைய இரைச்சலைக் கூடுதல் துல்லியத்தோடு பதிய நேரும்.

கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்வது நல்லது. செலவில்லாதவை முன்னால் வருகின்றன.

சோதனைப் பதிவு

எதையும் மாற்றுவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பதிவு வேண்டும். இதற்கு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். பதிவைத் தொடங்கி, முதல் 10 விநாடிகள் வாய் திறக்காமல் இருங்கள். பிறகு வழக்கமாகப் பேசும் குரலில் இரண்டு மூன்று வாக்கியங்களைச் சொல்லி நிறுத்துங்கள். அந்த 10 விநாடி மௌனத்தில்தான் இரைச்சலின் முழு விவரமும் இருக்கிறது. அடுத்தடுத்த சோதனைகளில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பதிந்து, 'சார்ஜருடன்', 'சார்ஜர் இல்லாமல்', 'மின்விசிறி நிறுத்தி' என்று கோப்பின் பெயரிலேயே நிலைமையை எழுதி வையுங்கள். இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால், இரைச்சல் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. மறுநாள் அது திரும்பி வரும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பதிந்ததை ஹெட்போனில் கேளுங்கள். மடிக்கணினியின் சிறிய ஸ்பீக்கர்கள் தாழ்ந்த ஒலிகளைச் சரியாக வெளியிடுவதில்லை. ஆகவே அடியில் ஓடும் ரீங்காரம் பதிந்தவருக்குக் கேட்காது. ஹெட்போனில் கேட்கும் மாணவருக்கு மட்டும் கேட்கும்.

இரைச்சலின் குணத்தைப் பிரித்தறிதல்

'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் முனகுவதைப் போலச் சீராக ஓடும் ஒலி, மின்சாரத்திலிருந்து வருவது. நம் நாட்டு மின் வழங்கல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 அதிர்வுகள்) என்பதால் இந்த ரீங்காரம் 50, 100, 150 என்று அதன் மடங்குகளில் அமையும். 'ஸ்ஸ்ஸ்' என்று எல்லா அலைவரிசைகளிலும் பரவியிருக்கும் சீறல், மைக்கின் சிறிய சமிக்ஞையை அளவுக்கு மீறிப் பெருக்குவதால் பெரும்பாலும் எழுகிறது. விட்டுவிட்டு வரும் 'டிக், டிக்' ஒலிக்கு மென்பொருளோ தளர்ந்த இணைப்போ காரணமாக இருக்கும். சன்னமான ஊதல் போன்ற ஒலி, மௌஸை நகர்த்தும்போதோ திரையை உருட்டும்போதோ மாறினால், அது மடிக்கணினியின் உள் மின்சுற்றிலிருந்து கசிகிறது. யூ.எஸ்.பி. மைக்கில் 1000 ஹெர்ட்ஸில் ஓர் ஊதல் விடாமல் கேட்டால், யூ.எஸ்.பி. இணைப்பு ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் ஒரு முறை தரவை அனுப்பும் தாளமே ஒலியாகக் கசிகிறது என்று கொள்ளலாம். 'டிர்ர்-டிட்-டிட்' என்று திடீரென வந்து போவது பக்கத்தில் இருக்கும் கைப்பேசியின் வேலை. 2ஜி அலைவரிசையில் கைப்பேசி விநாடிக்கு சுமார் 217 முறை விட்டுவிட்டு ஒலிபரப்புவதை மைக் கம்பி பிடித்துக்கொள்கிறது. கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்தால் இந்தக் கடைசி ஒலி அப்போதே நின்றுவிடும்.

காதால் முடிவு செய்ய இயலாவிட்டால் ஆடாசிட்டியில் பதிவின் தோற்றத்தை 'ஸ்பெக்ட்ரோகிராம்' என்று மாற்றிப் பாருங்கள். மின் ரீங்காரம் கீழ்ப்பகுதியில் படுக்கைக் கோடுகளாகத் தெரியும். டிக் ஒலிகள் செங்குத்துக் கீறல்களாகத் தெரியும். சீறல் திரை முழுவதும் மூடுபனிபோல் படர்ந்திருக்கும்.

உண்மையில் எந்த மைக் பதிகிறது?

கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்தச் சோதனையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். சட்டையில் குத்தும் காலர் மைக் ஒன்றை வாங்கிப் பொருத்தி, பதிவு சரியில்லை என்று நொந்துகொள்வார்கள். மடிக்கணினியோ விசைப்பலகைக்கு மேலே உள்ள தன் சொந்த மைக்கிலேயே பதிந்துகொண்டிருக்கும். பதிவை ஓடவிட்டு, முதலில் காலர் மைக்கின் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். அடுத்து மடிக்கணினித் திரையின் மேல் விளிம்பிலும் விசைப்பலகை ஓரத்திலும் சுரண்டுங்கள். எந்தச் சுரண்டல் 'கர்ர்' என்று உரக்கப் பதிகிறதோ, அதுதான் வேலை செய்யும் மைக்.

வெளி மைக் பதியவில்லை என்றால் ஜாக்கின் முனையைப் பாருங்கள். இப்போதைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான் இருக்கும். அதற்கு மூன்று கறுப்பு வளையங்கள் கொண்ட நான்கு பகுதி முனை தேவை. இரண்டு வளையங்கள் மட்டுமே உள்ள மைக்கை நேராகச் செருகினால் மடிக்கணினி அதை ஹெட்போன் என்று எண்ணிக்கொள்ளும். மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனியாகப் பிரித்துத் தரும் சிறிய ஒய் வடிவக் கம்பி, எலக்ட்ரானிக் கடைகளில் குறைந்த விலையில் கிடைக்கும்.

சார்ஜரைக் கழற்றிப் பதிதல்

ரீங்காரத்தின் மூலத்தைக் கண்டறிய இதைவிட எளிய சோதனை கிடையாது. சார்ஜரை மடிக்கணினியிலிருந்து முழுவதுமாகக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓடவிட்டு, அதே 10 விநாடி மௌனத்தைப் பதியுங்கள். ரீங்காரம் மறைந்தால் குற்றம் மைக்கில் இல்லை. சார்ஜரிலோ வீட்டின் எர்த் இணைப்பிலோ இருக்கிறது.

இதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது பயன் தரும். சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, மின் வழங்கல் பக்கத்துக்கும் மடிக்கணினிப் பக்கத்துக்கும் இடையே ஒரு சிறிய மின்தேக்கி வைத்திருப்பார்கள். அதன் வழியாக மிக மிகச் சிறிய மின்னோட்டம் மடிக்கணினியின் உடலுக்கு வந்து சேரும். எர்த் ஒழுங்காக இருந்தால் அது பூமிக்குப் போய்விடும். இல்லையென்றால் போக வழியில்லாமல் மடிக்கணினியின் உடலிலேயே தங்கி, மைக்கின் கம்பியில் ரீங்காரமாக ஏறும். உலோக உடல் கொண்ட மடிக்கணினியில் புறங்கையை லேசாக ஓட்டிப் பார்த்தால் சொரசொரப்பாகவோ கூச்சமாகவோ தோன்றுவது இதனால்தான். பதிவு ஓடும்போது மடிக்கணினியின் உலோகப் பகுதியையோ மைக் கம்பியின் உலோக முனையையோ விரலால் தொட்டதும் ரீங்காரம் கூடினாலோ குறைந்தாலோ, எர்த் இல்லை என்பதற்கு அது வலுவான அடையாளம்.

மூன்று முள் பிளக் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று பொருளாகாது. கூத்தப்பாக்கத்தில் ஓர் ஆசிரியர் வீட்டில், இணைய வகுப்பு எடுக்கும் அறையில் மட்டும் ரீங்காரம் கேட்டது, கூடத்தில் கேட்கவில்லை. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் சுவிட்ச் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு, "சார், பாயின்ட்ல மூணாவது ஓட்டை இருக்குது, உள்ளே கம்பியே வரலைங்க" என்றார். மாடியில் பிறகு கட்டிய அறைகளிலும், பழைய வீட்டில் இழுத்துச் சேர்த்த பாயின்டுகளிலும் இப்படி இருப்பது அரிதில்லை. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் உப்புக் காற்றும் உவர்நீரும் எர்த் கம்பியின் பிடிப்பிடத்தை அரித்துவிடுவதுண்டு. கம்பி இருந்தும் தொடர்பு அறுந்திருக்கும். எர்த்தைச் சோதிப்பதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். சரிசெய்யும்வரை, எர்த் வேலை செய்யும் வேறு பாயின்டில் மூன்று முள் சார்ஜரைச் செருகுங்கள். அல்லது பேட்டரியை நிரப்பிக்கொண்டு சார்ஜர் இல்லாமல் பதியுங்கள்.

ரீங்காரத்தைப் போக்க எர்த் முள்ளை உடைத்துவிடச் சொல்லும் யோசனை ஒன்று உலவுகிறது. கோயில் மண்டபத்திலோ தேவாலயத்திலோ ஆம்ப்ளிஃபையரிலிருந்து கம்பி இழுத்து மடிக்கணினியில் பதியும்போது, இரண்டு கருவிகளும் வெவ்வேறு பாயின்டுகளில் எர்த் ஆகியிருந்தால் அந்த இரு எர்த்துகளுக்கும் இடையே ஒரு சுற்று உருவாகி ரீங்காரம் எழுவது உண்மைதான். முள்ளை எடுத்தால் அது நிற்பதும் உண்மைதான். ஆனால் ஆம்ப்ளிஃபையரில் மின்கசிவு ஏற்படும் நாளில் அந்த முள் இல்லாவிட்டால், மைக்கைப் பிடித்திருப்பவரின் உடல் வழியாக மின்சாரம் பாயும். இரண்டு கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவதே முதல் தீர்வு. அதிலும் நிற்காவிட்டால், ஒலிக் கம்பியின் நடுவே, இரு கருவிகளுக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாமல் ஒலியை மட்டும் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மேலும், ஆம்ப்ளிஃபையரின் 'லைன் அவுட்' என்னும் வெளியீட்டுத் துளை தரும் சமிக்ஞை மைக் தருவதைவிடப் பல மடங்கு பெரியது. அதை மைக் துளையில் நேராகச் செலுத்தினால் குரல் கரகரவென்று உடையும். அதை இரைச்சல் என்று எண்ணி ரீங்காரத்தைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டாம்; அந்தப் பெரிய சமிக்ஞையை ஏற்கும் 'லைன் இன்' வசதியுள்ள யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் (மடிக்கணினிக்கு வெளியே இணைக்கும் ஒலிக் கருவி) அதற்குத் தேவை.

மின்தடை நேரத்தில் இன்வெர்ட்டரில் பதிவதும் இதே வகைச் சிக்கல். சைன் அலை தரும் இன்வெர்ட்டர்களில் தொல்லை குறைவு. சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டர்களில் 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று ஒற்றைப்படை மடங்குகள் வலுவாக இருக்கும். மின்விசிறியும்கூட அப்போது உறுமும். கரண்ட் போனதும் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

அறையும் மின்விசிறியும் தெருவும்

பேட்டரியில் ஓடும்போதும் இரைச்சல் இருந்தால், அது காற்று வழியாக வருகிறதா என்று பாருங்கள். மைக்கைத் தலையணைகளுக்கு நடுவே புதைத்துப் பதியுங்கள். இரைச்சல் வெகுவாகக் குறைந்தால் அறைதான் காரணம்.

நம் ஊரில் முதல் குற்றவாளி மின்விசிறி. அது இரண்டு விதமாகத் தொல்லை தருகிறது. காற்று மைக்கின் மேல் மோதி 'புஸ்' என்று பதிவது ஒன்று; ரெகுலேட்டரால் எழும் உறுமல் மற்றொன்று. குமிழைத் தொடர்ச்சியாகத் திருகும் வகை மின்னணு ரெகுலேட்டர், மின் அலையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டால் விசிறியின் சுருள் 100 ஹெர்ட்ஸில் உறுமும், பக்கத்தில் உள்ள மைக் கம்பியிலும் இரைச்சல் ஏறும். ஒன்று, இரண்டு என்று படிப்படியாக நிற்கும் மின்தேக்கி வகை ரெகுலேட்டரில் இந்த உறுமல் மிகக் குறைவு. இருந்தாலும் பதியும் நேரத்தில் விசிறியை நிறுத்துவதே மேல். அக்னி நட்சத்திரக் காலத்தில் கடலூரின் ஈரப்புழுக்கத்தில் இது எளிதில்லை என்பதை அறிவேன். ஆகவே பாடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு, ஒரு துண்டு முடிந்ததும் விசிறியைப் போட்டு ஆறி, பிறகு அடுத்ததைப் பதியுங்கள். அறை சூடானால் மடிக்கணினியின் உள் விசிறியும் வேகமெடுக்கும் என்பதால் இந்த இடைவெளி அதற்கும் உதவும். பதியும்போது உலாவியையும் மற்றச் செயலிகளையும் மூடிவிடுங்கள். மடிக்கணினி மெத்தையின் மேல் இல்லாமல் கெட்டியான பலகையின் மேல் இருக்கட்டும்.

குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் சுவரைத் தாண்டியும் வரும். அதை நிறுத்திவிட்டுப் பதிபவர்கள், வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட்டால் வெளியே கிளம்பும்போது மறக்காமல் மீண்டும் போட்டுவிடலாம்.

தெருச் சத்தத்தை முற்றாக நிறுத்த முடியாது. நேரத்தையும் அறையையும் தேர்ந்தெடுக்கலாம். புதுச்சேரி நேரு வீதி, மிஷன் வீதி ஓரத்து அறைகளில் பகலில் பதிவது வீண் வேலை. திருப்பாதிரிப்புலியூரில் ரயில் பாதைக்கு அருகே இருப்பவர்களுக்கு வண்டி வரும் நேரங்கள் மனப்பாடமாக இருக்கும். அவற்றைத் தவிர்த்துப் பதியலாம். மார்கழி விடியலில் ஒலிபெருக்கி வைக்கும் கோயில் பக்கத்தில் இருந்தால், அந்த மாதம் இரவு நேரத்துக்கு மாறிக்கொள்வதே சரி. முற்றம் வைத்த பழைய தமிழ் வீடுகளில் முற்றத்தைப் பார்த்த அறையைவிட, நெல்லோ பாத்திரமோ வைத்திருந்த உள்ளறை மிகப் பொருத்தமானது.

பிரெஞ்சுக் காலக் கட்டடங்களின் உயரமான கூரையும் சுண்ணாம்புச் சுவர்களும் வேறொரு சிக்கலைத் தருகின்றன. அங்கே பதிந்த குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். இது எதிரொலி, இரைச்சல் நீக்கும் மென்பொருளால் இதைச் சரிசெய்ய முடியாது. ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ஓசை நீண்டால் சுவரோரம் மெத்தையை நிறுத்துங்கள், கொடியில் போர்வைகளைத் தொங்கவிடுங்கள், அல்லது துணிகள் நிறைந்த பீரோவைத் திறந்து அதை நோக்கிப் பேசுங்கள்.

எல்லாவற்றையும்விட வலிமையான மருந்து, மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவருவது. தூரம் பாதியானால் உங்கள் குரல் சுமார் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) உயரும்; அறையின் இரைச்சல் அப்படியே இருக்கும். 60 சென்டிமீட்டரிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல் ஆதாயம். இந்த ஆதாயத்தை எந்த விலை கொடுத்தும் மென்பொருளில் வாங்க முடியாது. மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் சற்றே பக்கவாட்டில் வைத்தால், 'ப' வரும் இடங்களில் மூச்சு மோதி வெடிப்பதைத் தவிர்க்கலாம். தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலோ வெளியில் பதிவதாக இருந்தால், மைக்கின் மேல் ரோம உறை இல்லாமல் போகாதீர்கள். கடற்காற்றுக்குப் பஞ்சு உறை தாங்காது.

ஒலி அளவும் பூஸ்டும்

சீறல் ஒலி மிகுந்திருந்தால் இந்தப் படிக்கு வாருங்கள். விண்டோஸில் கன்ட்ரோல் பேனலின் 'சவுண்ட்' பகுதியில், 'ரெக்கார்டிங்' தாவலில் உங்கள் மைக்கைத் தேர்ந்து 'பிராப்பர்ட்டீஸ்' சென்றால் 'லெவல்ஸ்' இருக்கும். பல மடிக்கணினிகளில் அங்கே 'மைக்ரோஃபோன் பூஸ்ட்' என்று 10, 20, 30 டெசிபல் படிகள் தெரியும். 30-ல் வைத்தால் குரலோடு மின்சுற்றின் சீறலும் 30 டெசிபல் உயர்கிறது. பூஸ்டைப் பூஜ்யத்துக்கோ 10-க்கோ இறக்கி, மைக்கை நெருக்கமாக வைத்து, பேசும்போது பதிவு மென்பொருளின் அளவுகாட்டியில் உச்சம் -12 முதல் -6 டெசிபலுக்குள் நிற்குமாறு அளவை அமையுங்கள். உச்சம் பூஜ்யத்தைத் தொட்டால் குரல் உடைந்துவிடும். உடைந்த குரலைப் பின்னால் ஒட்டவைக்க முடியாது.

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து, ஒலி அளவுகளை அமைக்கும் ஆல்சாமிக்சர் (alsamixer) என்னும் நிரலை இயக்குங்கள். எஃப்6 விசையால் ஒலி அட்டையைத் தேர்ந்து, எஃப்4 விசையால் பதிவுப் பகுதிக்குச் சென்றால் 'கேப்சர்', 'இன்டர்னல் மைக் பூஸ்ட்' ஆகியவை தெரியும். சில மடிக்கணினிகளில் உள் மைக்கின் இடம், வலம் இரண்டும் எதிரெதிர் அலைகளாகப் பதிவாகும். அவற்றை மோனோவாக, அதாவது ஒரே தடமாகச் சேர்க்கும்போது குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, இரைச்சல் மட்டும் மிஞ்சும். ஒரு பக்கத்தின் அளவை முழுவதும் இறக்கிவிட்டால் குரல் திரும்பிவிடும்.

விண்டோஸின் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' அமைப்பையும் ஒரு முறை அணைத்துப் பாருங்கள். அது வீடியோ அழைப்புகளுக்காக அமைந்தது; சீராக நீளும் எந்த ஒலியையும் இரைச்சல் என்று எண்ணி அமுக்கும். தம்புராவோ சுருதிப்பெட்டியோ வைத்துப் பாடுபவர்களுக்குச் சுருதி தோன்றித் தோன்றி மறைவது இதனால்தான்.

ஜாக், கம்பி, யூ.எஸ்.பி.

கம்பியை அசைக்கும்போது 'கரகர' என்று கேட்டால் இணைப்பில் கோளாறு. கடற்கரை ஊர்களில் ஜாக்கின் உலோகம் விரைவில் மங்கிவிடும். மடிக்கணினியை அணைத்துவிட்டு, முனையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு சில முறை செருகிச் செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மைக்கைப் பயன்படுத்தாத நாட்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மைக் கம்பியும் சார்ஜர் கம்பியும் பக்கம்பக்கமாக ஓடக் கூடாது. குறுக்கே கடக்க வேண்டுமானால் செங்குத்தாகக் கடக்கட்டும். யூ.எஸ்.பி. மைக்கை ஹப் வழியாகச் செருகாமல் மடிக்கணினியிலேயே நேராகச் செருகுங்கள். ஊதல் கேட்டால் மறுபக்கத் துளைக்கு மாற்றிப் பாருங்கள்.

ஜாக் வழியாக வரும் சீறலும் உள்மின்சுற்று ஊதலும் எதற்கும் அடங்கவில்லை என்றால், மைக்கின் ஒலியை மடிக்கணினிக்கு வெளியிலேயே டிஜிட்டலாக மாற்றித் தரும் யூ.எஸ்.பி. மைக் அல்லது யூ.எஸ்.பி. ஒலி அட்டை வாங்குவதற்கு இப்போது நியாயம் இருக்கிறது.

டிக் ஒலிகள்

இணைப்பு தளரவில்லை என்றால் இவற்றுக்குக் காரணம், கணினி மற்ற வேலைகளில் மூழ்கி ஒலித் தரவை உரிய நேரத்தில் எடுக்கத் தவறுவது. வை-ஃபையை அணைத்துப் பதியுங்கள். மின் சேமிப்பு முறையை விலக்கி முழுத்திறன் முறைக்கு மாற்றுங்கள். மென்பொருளில் பஃபர் (ஒலித் தரவு தற்காலிகமாகக் காத்திருக்கும் இடம்) அளவைக் கூட்டுங்கள். மைக்கின் அமைப்பிலும் மென்பொருளிலும் மாதிரி வீதம் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) ஒன்றாகவே, 44100 அல்லது 48000 ஹெர்ட்ஸ் என்று, இருக்கட்டும்.

கடைசியாக, மென்பொருளால் துடைத்தல்

முதலில், தாழ்ந்த ஒலிகளை மட்டும் வெட்டும் 'ஹை-பாஸ் ஃபில்ட்டரை' 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பேச்சுக் குரலின் அடிப்படை அலைவரிசை பெரும்பாலும் இதற்கு மேல்தான் தொடங்கும் என்பதால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் கடலலையின் முழக்கமும் குரலுக்குச் சேதமில்லாமல் குறையும். 100, 150 ஹெர்ட்ஸில் உள்ள ரீங்காரமோ ஆண் குரல் இருக்கும் இடத்திலேயே இருப்பதால் அதை வெட்டினால் குரலும் மெலியும். எர்த்தைச் சரிசெய்ய இவ்வளவு வலியுறுத்தியதற்குக் காரணம் இதுவே. பிறகு பதிவின் தொடக்கத்தில் உள்ள மௌனத்தைத் தேர்ந்தெடுத்து, 'நாய்ஸ் ரிடக்ஷன்' பகுதியில் இரைச்சல் மாதிரியாக எடுத்துக்கொண்டு, முழுப் பதிவுக்கும் 6 முதல் 12 டெசிபல்வரை மட்டும் குறையுங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும்.

தமிழுக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. 'படித்து', 'பாட்டு' போன்ற சொற்களின் இறுதியில் வரும் குற்றியலுகரம் மிக மெல்லிய ஒலி; இரைச்சல் நீக்கியும், குறிப்பாகக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழான ஒலியை அடைத்துவிடும் 'நாய்ஸ் கேட்' என்னும் கருவியும், அதை இரைச்சலோடு சேர்த்து விழுங்கிவிடும். 'ச' ஒலியின் கூர்மையும் மழுங்கும். துடைத்த பிறகு வாக்கிய முடிவுகளை ஹெட்போனில் கவனித்துக் கேட்டு, ஈற்றெழுத்துகள் தேய்ந்திருந்தால் அளவைக் குறையுங்கள். துடைப்பதற்கு முன் மூலப் பதிவைச் சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பாகத் தனியே சேமித்து வைத்திருந்தால்தான் இந்தத் திருத்தத்தை மறுபடி செய்ய முடியும். எம்பி3-ஆக மாற்றுவது, எல்லாம் முடிந்த பிறகு செய்யும் வேலை.